மின்வெட்டு மாதங்களில் முதல் வகை நீரிழிவு: மாலையில் சர்க்கரை ஏறினால் இன்சுலின் கெட்டுவிட்டது என்று பொருளா?

சிரியம்_தாய்

வணக்கம். என் மகளுக்கு 13 வயது; முதல் வகை நீரிழிவு. காலையிலும் இரவிலும் நெடுநேரம் வேலை செய்யும் கலங்கல் இன்சுலினும் (NPH), மூன்று வேளை உணவுக்கு முன்னால் சீக்கிரம் வேலை செய்து ஓயும் தெளிந்த ரெகுலர் இன்சுலினும் குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுத்துப் போடுகிறோம். பள்ளி விடுமுறை தொடங்கும் வரை சர்க்கரை ஓரளவு பிடியில் இருந்தது. மார்ச் கடைசியிலிருந்து மாலை அளவு மட்டும் 300-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. காலை வெறும் வயிற்றில் 110, 130 என்றுதான் இருக்கிறது. டாக்டரிடம் தொலைபேசியில் சொன்னபோது கலங்கல் இன்சுலினை இரண்டு வேளையும் இரண்டிரண்டு யூனிட் கூட்டச் சொன்னார். கூட்டினோம். மாலை அளவு அப்படியே நிற்க, விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து எழுந்த பிள்ளைக்கு 58 காட்டியது.

பர்மாவில் ரங்கூனை அடுத்த எங்கள் சிரியத்தில் மின்சாரம் நான்கு மணி நேரம் இருந்தால் நான்கு மணி நேரம் இல்லை. சில நாள்களில் அந்தக் கணக்கும் இல்லை. ஃபிரிட்ஜில் ஐஸ் உருகி வழிகிறது, பிறகு மறுபடி உறைகிறது. இன்சுலின் கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்கிறார் என் கணவர். இன்றைய விலையில் அதை அவ்வளவு எளிதாகச் செய்துவிட முடியாது. கெட்ட இன்சுலினை எப்படி அடையாளம் காண்பது? ஒரு நாளைக்குச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் நான்குக்கு மேல் எங்களால் செலவழிக்க முடியாது என்பதையும் மனத்தில் கொண்டு சொல்லுங்கள். சென்னையிலிருந்து என் தாய்மாமா அடுத்த மாதம் வருகிறார். அவரிடம் இன்சுலின் வாங்கி வரச் சொல்லலாமா என்றும் தெரிய வேண்டும்.

தெரு29_ரங்கூன்

சகோதரி, சிறு வயதிலிருந்தே முதல் வகையோடு வாழ்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். இன்சுலின் கெட்டால் அது மாலை நேரம் பார்த்துக் கெடாது. காலையில் 110 காட்டுகிறது என்றால் இரவில் போட்ட கலங்கல் ஊசி வேலை செய்திருக்கிறது. விடியற்காலை 58-க்கு இறக்கியதும் அதே குப்பிதான். ஆகவே கலங்கல் குப்பியின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. ரெகுலர் குப்பியை வேண்டுமானால் தனியாகச் சந்தேகிக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் விரல். இது மாம்பழக் காலம். சர்க்கரை நோய் எதுவும் இல்லாத என் அண்ணன் மகள், செய்ன்தலோன் என்னும் வகை மாம்பழத்தை நறுக்கிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து, "சித்தப்பா, எனக்கும் ஒரு தடவை குத்துங்கள்" என்று விரலை நீட்டினாள். மீட்டர் 247 என்றது. வீட்டில் எல்லோருக்கும் முகம் வெளிறிப்போயிற்று. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, அடுத்த விரலில் குத்தினால் 94. தோலில் ஒட்டியிருக்கும் பழச்சாற்றையும் ஸ்ட்ரிப் சர்க்கரையாகவே கணக்கிடுகிறது. ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது இதற்குப் போதாது, ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். உங்கள் மகள் விடுமுறையில் பகலெல்லாம் வீட்டில் இருக்கிறாள், மாலையில்தான் எண் ஏறுகிறது என்று படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்தது ஊசி போடும் இடம். தொப்புளைச் சுற்றி விரல் நுனியால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒரே இடத்தில் நாள்கணக்கில் குத்தினால் தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்துக் கட்டி போல ஆகிவிடும். அங்கே வலி குறைவு என்பதால் பிள்ளைகள் அந்த இடத்தையே கேட்பார்கள். அதற்குள் போன இன்சுலின் ஒரு நாள் மெதுவாக உறிஞ்சப்படும், ஒரு நாள் திடீரென்று மொத்தமாக வந்து இறங்கும்.

மூன்றாவது, மதியத்துக்கும் மாலைக்கும் நடுவில் வாயில் என்ன போகிறது என்பது. இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இவற்றைப் பார்த்து முடிக்கும் வரை இன்னொரு யூனிட் கூட்ட வேண்டாம் என்று டாக்டரிடம் பேசிவிடுங்கள். அந்த 58-ஐயும் அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

பெகு_தாத்தா

அம்மா, பிள்ளைக்கு இத்தனை ஊசியா? எங்கள் தெருவில் ஒருவர் தினமும் காலையில் பாகற்காய்ச் சாறும் கருஞ்சீரகமும் எடுத்து மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். ஒரு வாரம் ஊசியைக் குறைத்துவிட்டு இதைக் கொடுத்துப் பார்த்தால் என்ன? இயற்கை மருந்து கெடுதல் செய்யாது.

மோல்மீன்_செவிலி

ஐயா, உங்கள் தெருக்காரர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இருப்பது இரண்டாம் வகையாக இருக்க வேண்டும். அவருடைய கணையம் இன்னும் கொஞ்சமாவது இன்சுலினைச் சுரக்கிறது. இந்தப் பிள்ளைக்கு அதைச் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழித்துவிட்டது. பாகற்காயைக் கறியாகச் சமைத்துக் கொடுக்கலாம், அதில் தவறில்லை. அதை நம்பி ஊசியைக் குறைத்தால் ஒரு வாரம் வரைகூடப் போகாது. உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்னும் அமிலம் இரத்தத்தில் சேர்ந்து, வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த பெருமூச்சு, பழவாடை என்று ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தான நிலை வந்துவிடும். வார்டில் வேலை பார்த்த காலத்தில் இப்படி வந்து சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். காய்ச்சலில் சாப்பிடாமல் படுத்திருந்தால்கூடக் கலங்கல் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. அளவை மாற்றலாம், அதையும் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

சிரியம் அம்மாவுக்கு: நான்கு ஸ்ட்ரிப்பும் தினமும் ஒரே நான்கு நேரத்துக்குச் செலவாகிறது என்று நினைக்கிறேன். காலை வெறும் வயிறு, படுக்கும் முன் என்ற இரண்டையும் விடாதீர்கள். மீதி இரண்டை இணையாக வையுங்கள். இன்று மதியச் சோற்றுக்கு முன் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. நாளை நான்கு மணிக்கு ஒன்று, இரவுச் சோற்றுக்கு முன் ஒன்று. சில நாள்களில் எந்த இரண்டு நேரங்களுக்கு நடுவில் ஏறுகிறது என்பது தெரிந்துவிடும். மாலை 300 என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து யாராலும் காரணம் சொல்ல முடியாது. இந்தச் சோதனை நாள்களுக்காக மட்டும் இன்னொரு பெட்டி ஸ்ட்ரிப் வாங்க முடிந்தால் நல்லது, ஏனென்றால் அந்த 58-க்குப் பிறகு சில இரவுகள் இரண்டு, மூன்று மணிக்கும் ஒருமுறை பார்க்க வேண்டும். கலங்கல் இன்சுலின் போட்ட நான்கிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் உச்சத்தில் வேலை செய்யும். இரவு எட்டு மணிக்குப் போட்டால் அந்த உச்சம் பிள்ளை அயர்ந்து தூங்கும் நேரத்தில் விழுகிறது. படுக்கப் போகும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பலருக்கு அது உதவுகிறது.

மாந்தலே_மருந்தாளர்

சேமிப்பைப் பற்றி நான் சொல்கிறேன். பிரிக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வரை, பிரித்து உபயோகத்தில் உள்ள குப்பிக்கு 25 அல்லது 30 டிகிரிக்குள் சுமார் 28 நாள் என்பதுதான் பொதுவாக அட்டையில் அச்சிட்டிருக்கும் விதி. சில தயாரிப்புகளுக்கு நாள் கணக்கு மாறும், தாளைப் படித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் 30 டிகிரி என்பதே கனவுதான். 2024 ஏப்ரல் 28 அன்று மாகுவே வட்டாரத்துச் சௌக் நகரில் 48.2 டிகிரி பதிவானதை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள்.

ஆனாலும் மனித இன்சுலின் நாம் பயப்படுகிற அளவுக்கு மென்மையானது அன்று. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவின் ததாப் அகதி முகாமில் அளந்த வெப்பநிலையை அப்படியே ஆய்வகத்தில் உண்டாக்கி, 25-க்கும் 37-க்கும் இடையில் ஏறி இறங்கும் சூட்டில் நான்கு வாரம் இன்சுலினை வைத்துப் பார்த்து, வீரியம் குறையவில்லை என்று 2021-இல் வெளியிட்டார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பும், பிரிக்காத சில வகை மனித இன்சுலின் 25 டிகிரியில் ஆறு மாதம் வரையிலும், 37 டிகிரியில் இரண்டு மாதம் வரையிலும் குறிப்பிடத்தக்க வீரிய இழப்பு இல்லாமல் இருக்கும் என்கிறது. இதை வைத்துக்கொண்டு குப்பியை வெயிலில் போடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் நின்றுபோனதற்காகக் குப்பியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் பதிவில் என்னை உறுத்தியது சூடு அன்று, ஐஸ். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகு பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் அதை உபயோகிக்கக் கூடாது. மின்சாரம் விட்டு விட்டு வரும் வீடுகளில், வந்த நேரத்தில் அதிகம் குளிரட்டும் என்று குமிழைக் கடைசி வரை திருப்பி வைக்கிறார்கள். உறைபெட்டியை ஒட்டிய தட்டில் இருக்கும் குப்பி அந்த நான்கு மணி நேரத்தில் உறைந்துவிடுகிறது. குப்பியைக் கதவுப் பக்கம் வையுங்கள்.

கலங்கல் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினால் பால் போல ஒரே சீராக வர வேண்டும். துகளோ கட்டியோ மிதந்தாலும், கண்ணாடிச் சுவரில் பனி படிந்தது போல ஒட்டியிருந்தாலும் அது கெட்டது. ரெகுலர் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். தெளிவாக இருப்பதெல்லாம் நல்லது என்று சொல்ல முடியாது என்பதால், சந்தேகம் தீராவிட்டால் வேறு எதையும் மாற்றாமல் ரெகுலர் குப்பியை மட்டும் புதியதாக மாற்றி இரண்டு நாள் பாருங்கள். எண் இறங்கினால் பழைய குப்பிதான் காரணம்.

ஃபிரிட்ஜை நம்ப முடியாதவர்களுக்கு மண்பானை இருக்கிறது. மெருகு பூசாத பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடைவெளியில் ஈர மணலை நிரப்பி, குப்பியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே இறக்கி, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி உண்டாகிறது என்பதால் எங்கள் மாந்தலேயின் வறண்ட வெயிலில் இது நன்றாக வேலை செய்கிறது. உங்கள் சிரியத்தில் மழை பிடித்துவிட்டால் காற்றே ஈரமாக இருக்கும், பானை அவ்வளவாகக் குளிராது. அப்போது வெயிலும் அவ்வளவு இருக்காது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மின்சாரம் இல்லாமல் வெளியில் படுத்திருந்த நாள்களில் எங்கள் குடும்பத்தின் இன்சுலின் இப்படி ஒரு பானையில்தான் இருந்தது.

சென்னைக் குப்பியைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தியாவில் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனா ஊசிக் குழாய்களும் பல நாட்டுக் குப்பிகளும் 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு. 40-க்கு உரியதற்குச் சிவப்பு மூடி, 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியை 40 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். மாற்றிச் செய்தால் வெறும் 8 யூனிட். மாமா குப்பியோடு அதற்குப் பொருந்தும் சிரிஞ்சையும் சேர்த்து வாங்கி வரட்டும். விமானத்தில் கைப்பையில் கொண்டு வர வேண்டும்.

சிரியம்_தாய்

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

விரல் விஷயம் உண்மைதான், ஆனால் முழுக் காரணம் அன்று. நேற்று மாலை கழுவாமல் 341, கழுவி 268. இடத்தைத் தொட்டுப் பார்த்தால் தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு முட்டை அகலத்துக்குத் தடிப்பு இருக்கிறது. மதிய ஊசியை அவளே போட்டுக்கொள்கிறாள், வலக்கைக்கு வசதியான பக்கம் அது. குப்பிகள் இரண்டும் பார்வைக்கு நன்றாக இருக்கின்றன, கதவுப் பக்கம்தான் இருந்தன. மதியத்துக்கு முன் 148, இரண்டு மணி நேரம் கழித்து 236, மறுநாள் நான்கு மணிக்கு 190, இரவுச் சோற்றுக்கு முன் 274. நான்கு மணிக்குப் பிறகு அத்தை பிள்ளைகளோடு முனைக்கடைக்குப் போய் டீயும் ஈச்சாக்குவே என்னும் பொரித்த மைதாப் பண்டமும் சாப்பிடுகிறாளாம். கேட்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டாள்; திட்டவில்லை.

தெரு29_ரங்கூன்

திட்டாதது நல்லது. திட்டினால் அடுத்த முறை எண்ணையே மாற்றிச் சொல்வாள். நான் அந்த வயதில் இருந்தவன்.

முனைக்கடை டீயில் டின் பால், அதாவது சீனி சேர்த்த கெட்டிப் பால் ஊற்றுகிறார்கள். ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் சுமார் 11 கிராம் மாவுச்சத்து, ஏறத்தாழ எல்லாமே சர்க்கரை. நம் கடைகளில் ஒரு கரண்டியோடு நிறுத்துவதில்லை. அதோடு எண்ணெயில் பொரித்த மைதா சேர்ந்தால், மாவு ஏற்றுவது ஒரு பக்கம், எண்ணெய் அதைத் தாமதப்படுத்தி இரவுச் சோறு வரை இழுப்பது மறுபக்கம். மதியம் போட்ட ரெகுலர் அதற்குள் ஓய்ந்திருக்கும். டீக்கடையை அடியோடு தடுப்பதைவிட, "குறைந்த பால், சீனி தனியாக" என்று கேட்கப் பழக்குங்கள். ஈச்சாக்குவேக்குப் பதில் அவித்த கடலை. அத்தோ, மொய்ங்கா போன்ற நூடுல்ஸ் உணவு சாப்பிட ஆசைப்பட்டால் அதை நான்கு மணிக்கு, வேளை உணவுகளுக்கு நடுவில் நுழைக்காமல் ஊசி போடும் ஒரு வேளை உணவாக ஆக்கிவிடலாம்.

சோற்றையும் ஒரு குறிப்பிட்ட கிண்ணத்தால் அளந்து போடுங்கள். ஒரு கோப்பைச் சோறு கிட்டத்தட்ட 45 கிராம் மாவுச்சத்து. எங்கள் வீட்டில் எனக்கென்று ஓர் எனாமல் கிண்ணம் இருக்கிறது, விருந்தாளிக்குக்கூட அதில் போட மாட்டார்கள். தினமும் அளவு மாறாமல் இருந்தால்தான் ஊசியின் அளவு சரியா என்று தெரியும்.

தட்டோன்_ஆசிரியர்

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா வருவதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். என் மாணவன் ஒருவனுக்கு இந்த நோய் உண்டு. நாளெல்லாம் தண்ணீர் ஊற்றி ஓடியாடினால் அவனுக்குச் சர்க்கரை இறங்குகிறது. உடம்பு நனைந்திருப்பதால் வியர்வையும் தெரிவதில்லை, நடுக்கத்தைக் குளிர் என்று நினைத்துக்கொள்கிறான். கூட ஆடும் பிள்ளைகளில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

மோல்மீன்_செவிலி

ஆசிரியர் சொன்னது சரி. வெயிலில் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் இன்சுலினும் வேகமாக உறிஞ்சப்படும். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது தலைதட்டிய நான்கு தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். டின் பால் டீயும் சாக்லேட்டும் கொழுப்புள்ளவை, மெதுவாகத்தான் ஏற்றும். பனைவெல்லக் கட்டியைக் கடித்துக்கொண்டிருக்க அப்போது நேரமில்லை, கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அம்மா, அந்தத் தடிப்பைப் பற்றி எழுதத்தான் வந்தேன். இனி அங்கே குத்தக் கூடாது, பல மாதம் விட்டால்தான் கரையும். ஆனால் நல்ல தோலுக்கு மாறிய நாளே அதே அளவு மருந்து முன்னைவிடப் பலமாக வேலை செய்யும். இதுவரை தடிப்பில் வீணானதையும் சேர்த்துக் கூட்டிய அளவல்லவா அது? இடத்தை மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொண்டு மாற்றுங்கள். மாற்றிய முதல் சில இரவுகள் நடுச்சாமத்தில் ஒரு ஸ்ட்ரிப்பைக் கணக்குப் பார்க்காமல் செலவழியுங்கள்.

சிரியம்_தாய்

டாக்டரிடம் நோட்டைக் காட்டினோம். கூட்டிய யூனிட்டுகளை எடுத்துவிட்டு, மதிய ரெகுலரையும் சற்றுக் குறைத்தார். இரவுக் கலங்கல் ஊசி இப்போது பத்து மணிக்கு. வயிற்றின் வலப்பக்கமும் தொடையும் மாறி மாறிப் போடுகிறோம். இந்த வாரம் இரவுச் சோற்றுக்கு முன் 160, 185, ஒரு நாள் 220. அந்த 220 அன்று பீலிக்கான் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் சாப்பிட்டிருந்தாள். நடுச்சாமத்தில் 105, 118. புதுக் குப்பி வாங்கவில்லை. மாமா அனுப்பிய படத்தில் குப்பியின் மேல் 40 என்று இருக்கிறது, சிவப்பு மூடிச் சிரிஞ்சும் கேட்டிருக்கிறேன்.

பெகு_தாத்தா

பிள்ளை நலமாக இருப்பது கேட்டு மகிழ்ச்சி. ஊசியைப் பற்றி இனி நான் பேசவில்லை. என் பேரன் நாளை துவாண்டே போகிறான், அந்தப் பானையை அங்கே வாங்கி அனுப்பலாம் என்று இருக்கிறேன். எது பார்த்து வாங்க வேண்டும்?

மாந்தலே_மருந்தாளர்

ஐயா, பளபளப்பு இல்லாத, வழிப்போக்கருக்குத் தெருவோரத்தில் தண்ணீர் வைக்கிற பானை வகை. தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் கழித்து வெளிப்பக்கம் கையை வைத்தால் ஈரம் தெரிய வேண்டும். அகலவாய்ப் பானை ஒன்று, அதற்குள் இரண்டு விரல் இடைவெளியோடு அடங்குகிற சின்னது ஒன்று. மணலை ஆற்று மணலாகச் சலித்துப் போடச் சொல்லுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும்.